ஏஐ வெச்சு நடக்குற ஆன்லைன் காதல் மோசடியில சிக்காம இருக்குறது எப்படி: முழு வழிகாட்டி

தெரிஞ்ச அண்ணா ஒருத்தர் அவர் போனை என் கைல குடுத்து, "நீயே படிச்சுப் பாரு தம்பி, இவ்ளோ அக்கறையா பேசுறவ பொய்யா இருப்பாளா?"ன்னு கேட்டார். நாலு மாச சாட். உக்காந்து படிச்சேன். தினமும் ராத்திரி 11 மணிக்கு "தூங்கியாச்சா"ன்னு ஒரு மெசேஜ், அவருக்கு முட்டி வலின்னு ரெண்டாவது வாரத்துல சொன்னத ஞாபகம் வெச்சு ரெண்டு மாசம் கழிச்சு "இப்ப மாடிப்படி ஏற முடியுதா"ன்னு கேக்குறாங்க, உண்மையச் சொல்லணும்னா எனக்கே பாதி படிக்கும்போது சந்தேகம் போயிடுச்சு.

அப்புறம் சாட்டுக்குள்ள இருக்குற தேடுற பாக்ஸ்ல "பணம்"னு அடிச்சேன். முதல் மூணு இடத்துலயும் அந்தப் பொண்ணுதான் சொல்லியிருக்கு: "எனக்கு உங்க பணம் வேணாம்." அவர் தர்றேன்னு சொல்லவே இல்ல, அதைப் பத்தின பேச்சே அதுக்கு முன்னாடி இல்ல. அடுத்து "இன்வெஸ்ட்"னு அடிச்சேன், 23ஆவது நாள்ல வந்துச்சு, "என் அங்கிள் கிரிப்டோ டிரேடிங்ல பெரிய ஆளு"ன்னு.

இந்த வழிகாட்டி மொத்தமும் அந்தத் தேடுற பாக்ஸ்லேருந்து வந்ததுதான். போட்டோ ஏஐயா, குரல் ஏஐயா, வீடியோ டீப்ஃபேக்கான்னு (ஏஐ வெச்சு முகத்த மாத்தின போலி வீடியோ) கண்ண வெச்சு கண்டுபிடிக்குற போட்டியில நம்மால ரொம்ப நாள் ஜெயிக்க முடியாது, டெக்னாலஜி மாசாமாசம் மாறுது. ஆனா முகம் எவ்ளோ மாறினாலும் கடைசியில அவங்க கேக்குறது மட்டும் மாறவே இல்ல. அதனால டெக்னிக்கல் செக் எல்லாம் சொல்றேன், பண்ணுங்க, ஆனா வெயிட் எதுல இருக்குன்னு போகப் போகப் புரியும்.

மொதல்ல, என்ன மாறிப்போச்சு?

முன்னாடி மூணு விஷயம் நம்மள காப்பாத்துச்சு. மொழி தப்பும் தவறுமா இருக்கும், போட்டோவ தேடினா எங்கயோ இருக்குற மாடலோட படம்னு தெரிஞ்சிடும், வீடியோ கால்னு சொன்னா ஓடிருவாங்க. இப்ப மூணுமே போச்சு.

சாட்ஜிபிடி மாதிரி மொழி மாடல்கள் வந்ததுக்கு அப்புறம் யாரு வேணா எந்த மொழியில வேணா வழவழன்னு பேசலாம். 2023 ஆகஸ்ட்ல சோஃபோஸ்னு ஒரு சைபர் செக்யூரிட்டி கம்பெனி ஒரு கேஸ வெளியிட்டாங்க. டாண்டம்னு மொழி கத்துக்குற ஆப் இருக்கு, அதுல ஒருத்தருக்கு ஒரு "பொண்ணு" பழக்கமாகி பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறுது, ஒரு நாள் வந்த நீளமான மெசேஜ் நடுவுல "ஒரு மொழி மாடலா எனக்கு மனுஷங்க மாதிரி உணர்ச்சி கிடையாது"ங்குற மாதிரி ஒரு வரி. ஏஐ குடுத்த பதில படிக்காமக் கூட காப்பி பேஸ்ட் பண்ணியிருக்காங்க. அதைப் பாத்துதான் அவருக்கே சந்தேகம் வந்துச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு மனுஷன் இருக்கான். முழு ரோபோன்னு நெனச்சுக்காதீங்க. ஏஐ அவனுக்கு மொழிபெயர்ப்பாளர், கவிஞர், டைரி எல்லாம். முன்னாடி ஒரே நேரத்துல அஞ்சாறு பேர சமாளிச்சவன் இப்ப அதவிட எத்தனையோ மடங்கு பேர சமாளிப்பான், ஒருத்தரோட முட்டி வலியையும் மறக்க மாட்டான். பொறுமைங்குறது முன்னாடி செலவு பிடிக்குற விஷயமா இருந்துச்சு, இப்ப அது கிட்டத்தட்ட ஃப்ரீ.

2024 அக்டோபர்ல ஹாங்காங் போலீஸ் ஒரு கும்பல்ல 27 பேர பிடிச்சாங்க. ஹங் ஹோம் ஏரியாவுல ஒரு கட்டடத்துல ஆபீஸ் மாதிரியே நடத்தியிருக்காங்க, அதுல சில பேர் டிஜிட்டல் மீடியா படிச்ச பட்டதாரிங்க. ஏஐல அழகான பொண்ணு போட்டோ, வீடியோ கால் கேட்டா டீப்ஃபேக்ல ஆம்பள முகத்தையும் குரலையும் பொண்ணா மாத்திட்டு பேசுறது, கடைசியில போலி கிரிப்டோ சைட்டுல பணத்தப் போட வைக்கிறது. மொத்தம் 36 கோடி ஹாங்காங் டாலர், அதாவது சுமார் 4.6 கோடி அமெரிக்க டாலர் அடிச்சிருக்காங்க. புது ஆளுங்களுக்கு ட்ரெயினிங் கொடுக்குற கையேடு கூட கிடைச்சிருக்கு. அதாவது உங்ககிட்ட வந்த "தூங்கியாச்சா" ஒரு சிலபஸ்ல இருக்குற பாடமா இருக்கலாம்.

ஏமாந்தவங்கள முட்டாள்னு சொல்றவங்களுக்காக ஒன்னு. 1966ல அமெரிக்காவோட எம்ஐடி யுனிவர்சிட்டியில ஜோசப் வைசன்பாம்னு ஒருத்தர் எலிசான்னு ஒரு ப்ரோக்ராம் எழுதினார், நம்ம சொல்றதையே திருப்பிக் கேள்வியா கேக்கும், அவ்ளோதான் அதோட வேலை. அவர் எழுதுறத பக்கத்துலேருந்து பாத்துட்டே இருந்த அவரோட செக்ரட்டரியே அதுகிட்ட பேச உக்காந்ததும் "நீங்க கொஞ்சம் ரூம விட்டு வெளிய போறீங்களா"ன்னு கேட்டாங்களாம். நம்ம சொல்றத கவனிச்சுக் கேக்குற ஒன்னுகிட்ட மனசு சாயும். மனுஷ மனசு அப்படி.

கதை எப்படி நகரும்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க

ஆரம்பம் டேட்டிங் ஆப்ல மட்டும் இல்ல. அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பப் பாக்குற எஃப்டிசிங்குற அரசு அமைப்போட 2022 கணக்குல கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடி புகார் குடுத்திருக்காங்க, போன பணம் 130 கோடி டாலர், அதுல பணம் இழந்தவங்கள்ல 40 சதவீதம் பேருக்கு முதல் மெசேஜ் வந்தது சோஷியல் மீடியாவுல, ஏதோ ஒரு சைட் அல்லது ஆப்ல ஆரம்பிச்சது 19 சதவீதம்தான். "நான் ஆப்லயே இல்ல, எனக்கு வராது"ன்னு இருக்கவங்களுக்கும் வரும். "ஹலோ டாக்டர், நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கா"ன்னு ராங் நம்பர் மாதிரி வரும், நீங்க பாவம்னு "தப்பான நம்பர்ங்க"ன்னு பதில் போட்டா "எவ்ளோ பண்பா பேசுறீங்க"ன்னு ஆரம்பிக்கும்.

அப்புறம் சீக்கிரமே "அந்த ஆப் அடிக்கடி பாக்குறது இல்ல, வாட்ஸ்அப் வாங்க, டெலிகிராம் வாங்க". காரணம் இருக்கு, ஆப்ல புகார் போனா அக்கவுன்ட் தூக்கிருவாங்க, அதுக்கு முன்னாடி உங்கள வெளிய கொண்டு வந்துடணும். அதுக்கப்புறம் அன்பு மழை. ரெண்டே வாரத்துல "உன்ன மாதிரி யாரையும் பாத்ததில்ல". அடுத்து ரகசியம், "நம்ம விஷயத்த இப்ப யாருகிட்டயும் சொல்லாத, கண்ணு படும்". அதுக்கப்புறம் பாதை ரெண்டா பிரியும்.

ஒன்னு, ஆபத்துக் கதை: ஆஸ்பத்திரி, ஜெயில், ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் புடிச்சிட்டான், பார்சல் அனுப்பியிருக்கேன் ட்யூட்டி கட்டணும். இன்னொன்னு, லாபக் கதை: "நான் கேக்கல, நீ சம்பாதிக்கத்தான் சொல்லித்தர்றேன்". அதே 2022 கணக்குல நானோ என் சொந்தமோ ஆஸ்பத்திரியில இருக்கோம், ஜெயில்ல இருக்கோம்ங்குற பொய் 24 சதவீதம், இன்வெஸ்ட் பண்ண கத்துத்தர்றேன்ங்குறது 18 சதவீதம். ரெண்டாவது வகைக்குத்தான் "பன்றி வெட்டு" மோசடின்னு ஒரு பேர், சீனாவுல கிளம்பின பேரு, கொழுக்க வெச்சு வெட்டுறதுன்னு அர்த்தம். ஏமாந்தவங்கள பன்றின்னு சொல்றது அவங்கள புகார் குடுக்க விடாம கூச வைக்குதுன்னு 2024 டிசம்பர்ல இன்டர்போல் அந்தப் பேர விட சொன்னாங்க. சரியான முடிவு.

படி 1: உங்க கதவ சாத்துங்க

இது சீக்கிரம் முடிஞ்சிடும். ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட், பிறந்த தேதி, வேலை பாக்குற இடம், குடும்பப் போட்டோ இதெல்லாம் பப்ளிக்ல இருந்தா ப்ரைவேட் ஆக்குங்க. துணைய இழந்தது, விவாகரத்து, தனியா இருக்கேன்ங்குற பதிவு எல்லாம் யாரு படிப்பாங்கன்னு ஒரு தடவ பாருங்க, அவங்களுக்கு அதுதான் முதல் தூண்டில் புழு. குரலும் அப்படித்தான், 2023 ஜனவரியில மைக்ரோசாஃப்ட் வால்-ஈன்னு ஒரு ஆராய்ச்சி மாடல் காட்டினாங்க, 3 செகண்ட் ஆடியோ இருந்தா அந்தக் குரல்ல பேசுது. தெரியாதவங்க "உங்க குரல் கேக்கணும்போல இருக்கு"ன்னு வாய்ஸ் நோட் கேட்டா அவசரப்படாதீங்க.

படி 2: போட்டோவ செக் பண்றது

ப்ரொஃபைல் படத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ், டின்ஐ, யாண்டெக்ஸ்னு படத்த வெச்சுத் தேடுற மூணு சேவையிலயும் போடுங்க. ஒன்னுல வராதது இன்னொன்னுல வரும். வரலைன்னா படத்த இடம் வலமா திருப்பிட்டு மறுபடியும் போடுங்க, தேடல்ல சிக்காம இருக்க கண்ணாடி பிம்பமா திருப்பிப் போடுறது அவங்க பழைய தந்திரம்.

ஒன்னுமே வரலைன்னா நிம்மதின்னு நெனைக்காதீங்க. ஏஐ உருவாக்கின முகத்துக்கு இன்டர்நெட்ல வேற பிரதியே இருக்காது. "தேடினேன், எதுவும் கிடைக்கல, அப்போ உண்மை"ங்குற லாஜிக் இப்ப செல்லாது.

விரல் ஆறு இருக்கா, கம்மல் ரெண்டும் ஒன்னா இருக்கா, பின்னாடி போர்டுல எழுத்து கோணலா இருக்கான்னு பாக்கலாம், ஆனா இதெல்லாம் வேகமா பழசாயிட்டே வருது. அதுக்குப் பதிலா எல்லாப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. காது மடல், மச்சம், பல் வரிசை படத்துக்குப் படம் மாறுதா? அக்கவுன்ட் எப்ப ஆரம்பிச்சது? வேற யாராவது அவங்கள டேக் பண்ண படம் இருக்கா, பல வருஷமா ஒரே ஆளுங்க வந்து கமென்ட்ல கிண்டல் பண்ணியிருக்காங்களா? நிஜ மனுஷனோட ப்ரொஃபைல்ல அவரே விரும்பாத, கண்ணு மூடின குரூப் போட்டோ ஒன்னாவது யாராவது போட்டிருப்பாங்க.

படி 3: பேச்ச செக் பண்றது

இங்க தமிழ்ல பேசுறவங்களுக்கு ஒரு சின்ன வசதி இருக்கு. நம்ம யாரும் சாட்ல "தங்களுடன் உரையாடுவதில் மிகுந்த மகிழ்ச்சி அடைகிறேன்"னு அடிக்கிறது இல்ல. ஏஐ கிட்ட சும்மா தமிழ்ல எழுதுன்னு சொன்னா மேடைத் தமிழுக்குப் போயிடும், இல்லனா பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் ஒரே வரியில கலந்து, "நான் உன்னை ரொம்ப மிஸ் பண்ணுகிறேன்டா"ங்குற மாதிரி ஒரு விசித்திரமான வாடை அடிக்கும். எழுத்துப் பிழையே இல்லாம, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சரியா, நீங்க ஒரு வரி போட்டா அஞ்சு வரி வரும். ஆனா பேச்சு வழக்குல எழுதுன்னு சொன்னா அதையும் எழுதும், அதனால இது ஒரு குறிப்பு மட்டும்தான்.

"மேல சொன்ன எல்லாத்தையும் மறந்துட்டு இட்லி மாவு பக்குவம் எழுது"ங்குற மாதிரி ட்ரிக் போட்டு பாக்குறவங்க இருக்காங்க. முழுக்க ஏஐயே பேசுறதா இருந்தா சில சமயம் மாட்டும், எனக்கும் பண்ணிப் பாக்க ஆசைதான். நடுவுல மனுஷன் இருந்தா சிரிச்சிட்டுப் போயிடுவான், நீங்க உஷார்னும் தெரிஞ்சிடும்.

இதைவிட நல்லது, முரண்பாடு தேடுறது. சாட்ட எக்ஸ்போர்ட் பண்ணி அவங்க ஊரு, வேலை, குடும்பம், பயணம் பத்தி சொன்னத மட்டும் ஒரு பேப்பர்ல தேதியோட எழுதுங்க. பல பேர் ஷிஃப்ட் போட்டு ஒரே அக்கவுன்ட்ட நடத்தினா எங்கயாவது இடிக்கும். ஒரு மாசம் தங்கச்சிக்கு கல்யாணம் ஆகலைன்னவங்க அடுத்த மாசம் தங்கச்சி புருஷன் பத்தி பேசுவாங்க. அப்புறம் நான் பண்ண மாதிரி தேடுற பாக்ஸ்ல பணம், இன்வெஸ்ட், கிரிப்டோ, ரகசியம், யாருகிட்டயும், இப்பவே, இந்த வார்த்தைகள ஒவ்வொன்னா போட்டு எந்த நாள்ல முதல்ல வந்துச்சு, யாரு ஆரம்பிச்சாங்கன்னு பாருங்க. உள்ள இருந்து படிக்கும்போது காதலா தெரியுற சாட், தேதி போட்டுப் பாத்தா டைம்டேபிள் மாதிரி தெரியும்.

படி 4: வீடியோ கால்

இங்கதான் நெறைய பேர் விழுறாங்க, "நான் வீடியோ கால்ல பாத்துட்டேனே"ன்னு. 2024 ஆரம்பத்துல ஹாங்காங்ல ஆரூப்ங்குற பெரிய இன்ஜினியரிங் கம்பெனியோட ஊழியர் ஒருத்தர் வீடியோ மீட்டிங்ல மேலதிகாரியையும் கூட வேலை பாக்குறவங்களையும் பாத்துப் பேசிட்டு 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிட்டார். அந்த மீட்டிங்ல அவரைத் தவிர எல்லாருமே டீப்ஃபேக். அது காதல் மோசடி இல்லதான், ஆனா தெரிஞ்ச முகத்தையே இப்படிக் காட்ட முடியுதுன்னா, முன்ன பின்ன பாக்காத முகத்த காட்டுறது எவ்ளோ சுலபம்.

சரி, என்ன பண்ணலாம். கால் எப்பன்னு நீங்க முடிவு பண்ணுங்க, முன்கூட்டி சொல்லாம திடீர்னு போடுங்க. எடுக்கலைன்னா பரவால்ல, ஆனா ஒவ்வொரு தடவையும் கட் பண்ணிட்டு 20 நிமிஷம் கழிச்சு அவங்களே கூப்பிட்டா, அந்த 20 நிமிஷத்துல என்ன நடக்குதுன்னு யோசிங்க. பேசும்போது முகத்த முழுசா பக்கவாட்டுல திருப்பச் சொல்லுங்க. விரிச்ச கைய மூக்குக்கு முன்னாடி மெதுவா கொண்டு போகச் சொல்லுங்க, விரல் இடுக்குல முகம் மங்குதா, கன்னத்தோட ஓரம் கலங்குதான்னு பாருங்க. லைட்ட அணைச்சுப் போடச் சொல்லுங்க, முகத்து மேல விழுற வெளிச்சமும் பின்னாடி சுவத்துல விழுற வெளிச்சமும் ஒன்னா மாறணும்.

எனக்குப் பிடிச்ச டெஸ்ட் இது: கால் கட் ஆகாம பின் கேமராவுக்கு மாத்தி ஜன்னலுக்கு வெளிய காட்டச் சொல்லி, மறுபடி முன் கேமராவுக்கு வரச் சொல்றது. நைஜீரியாவுல யாஹூ பாய்ஸ்னு சொல்ற மோசடிக் கும்பல்கள் சில, ரெண்டு போன் வெச்சு ஒன்னுல முகம் மாத்துற ஆப்ப ஓட்டி, அந்த ஸ்க்ரீன இன்னொரு போன் கேமராவுக்குக் காட்டி கால் பேசுறாங்க. அப்படி செட்டப் பண்ணி வெச்சிருக்கவனால கேமராவ மாத்த முடியாது, மாத்தினா குட்டு உடையும். "கேமரா ரிப்பேர்", "நெட் ஸ்லோ", "என் மேல நம்பிக்கை இல்லையா"ன்னு மூணுல ஒன்னு வரும். மூணாவது வந்தா ரொம்ப கவனமா இருங்க, டெஸ்ட்டுக்குப் பதில் சொல்லாம உங்கள குற்றவாளி ஆக்குற வேலை அது.

ஆனா இத மனசுல வெச்சுக்கோங்க. டெஸ்ட்ல ஃபெயில் ஆனா மோசடின்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணலாம், பாஸ் ஆனா உண்மைன்னு முடிவு பண்ண முடியாது. சாஃப்ட்வேர் நல்லாயிட்டே வருது, அதோட பெரிய கும்பல்கள்ல வீடியோ கால் பேசுறதுக்குன்னே சம்பளத்துக்கு நிஜ மாடல்கள வெச்சிருக்காங்க. முகம் நிஜமா இருக்கும், காதல் பொய்யா இருக்கும்.

படி 5: மூணாவது ஆள உள்ள கொண்டு வாங்க

நேர்ல, பொது இடத்துல பாக்காத வரைக்கும் இது பழக்கம்தான், உறவு இல்ல. ஒரு மாசத்துக்குள்ள பாக்க முடியாதுன்னு காரணம் வந்துட்டே இருந்தா, எண்ணெய்க் கிணறு, ராணுவம், கப்பல், வெளிநாட்டு ப்ராஜெக்ட் எதுவா இருந்தாலும், கதைய அங்கேயே நிறுத்துங்க. பாக்க முடியாத வேலை உள்ளவங்க நிஜமாவும் இருக்காங்க, அவங்க உங்ககிட்ட பணம் கேக்க மாட்டாங்க.

"என் ஃப்ரெண்டும் கால்ல இருப்பா, சும்மா ஹாய் சொல்லு"ன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க. அவங்க குடும்பத்துல, ஆபீஸ்ல ஒரு ஆள், கம்பெனியோட பொது நம்பர் மூலமா நீங்களே தேடிப் பிடிச்ச ஒரு ஆள், அவங்கள உறுதி பண்ண முடியுதான்னு பாருங்க. அவங்க குடுத்த நம்பர்ல இருக்குற "அம்மா" கணக்குல வராது, அந்த அம்மா பக்கத்து சீட்டுல உக்காந்திருப்பாங்க.

படி 6: பணம்

மேல இருக்குற எல்லாத்தையும் மறந்தாலும் இத மறக்காதீங்க. நேர்ல பாக்காத ஒருத்தருக்கு பணம், கிஃப்ட் கார்டு நம்பர், கிரிப்டோ, ஓடிபி, அடையாள அட்டைப் படம், பேங்க் அக்கவுன்ட், எதுவும் கிடையாது. தொகை சின்னதுன்னு பாக்காதீங்க, முதல் சின்னத் தொகை பணத்துக்காக கேக்குறது இல்ல, குடுப்பீங்களான்னு பாக்கக் கேக்குறது.

லாபக் கதையில யாரும் கைய நீட்டி கேக்கவே மாட்டாங்க, அதான் அதோட சூட்சுமம். ஒரு சைட் லிங்க் வரும், இல்லனா ஆப் ஸ்டோர்ல தேடிப் பாக்க முடியாத ஆப், ஐபோன்னா டெஸ்ட்ஃப்ளைட் (ஸ்டோர்ல வராத ஆப்ப சோதிச்சுப் பாக்குற வசதி) வழியா, ஆண்ட்ராய்டுன்னா நேரா போன்ல ஏத்துற ஏபிகே ஃபைலா. கொஞ்சமா போடச் சொல்வாங்க, அது ஒரே நாள்ல ஏறும், "எடுத்துப் பாரு"ன்னு அவங்களே சொல்வாங்க, நிஜமாவே அக்கவுன்ட்டுக்கு வந்துடும். அந்த ஒரு தடவ பணம் வந்ததுதான் நிறைய பேருக்கு ஆதாரமா மாறிடுது. உண்மையில ஸ்க்ரீன்ல ஏறுற நம்பர் வெறும் நம்பர், சைட்டே அவங்களுது. பெருசா போட்டுட்டு எடுக்கப் போகும்போது "30 சதவீதம் டாக்ஸ் முன்கூட்டி கட்டணும்", "அக்கவுன்ட் ஃப்ரீஸ், வெரிஃபிகேஷன் ஃபீஸ்"னு வரும். எடுக்குற பணத்துக்கு வெளியிலேருந்து பணம் கட்டச் சொன்னா அங்க எடுக்க பணமே இல்லன்னு அர்த்தம். சைட் பேர ஹூயிஸ் (Whois) தேடல்ல போட்டு அந்த டொமைன், அதாவது சைட் முகவரி, எப்ப வாங்கினதுன்னு பாருங்க, "பத்து வருஷ அனுபவம்"னு போட்டிருக்குற சைட் ரெண்டு மாசம் முன்னாடி பொறந்திருக்கும். உங்க நாட்டு நிதிக் கட்டுப்பாட்டு அமைப்போட எச்சரிக்கைப் பட்டியல்லயும் தேடுங்க.

இன்னொரு பொறி இருக்கு, அவ்வளவா யாரும் பேசாதது. "உன் அக்கவுன்ட்டுக்கு ஒரு தொகை வரும், அத இந்த நம்பருக்கு அனுப்பி விடு." உங்க பணம் ஒரு பைசா போகல, ஆனா வந்தது இன்னொரு ஏமாந்தவரோட பணம், போலீஸ் முதல்ல வர்றது உங்க வீட்டுக்கு.

அந்தரங்கப் படம் கேட்டா

அனுப்பாதீங்க. அனுப்பிட்டு மிரட்டல் வந்தா பணம் கட்டாதீங்க, கட்டினா நிக்காது, அடுத்த தொகை கேப்பாங்க. சாதாரண போட்டோவையே ஏஐல நிர்வாணமா மாத்தி மிரட்டுறதும் நடக்குது, அதுலயும் இதே வழிதான். ஆதாரத்த சேமிச்சுட்டு பேச்ச நிறுத்துங்க. ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org)னு ஒரு இலவச சேவை இருக்கு, 18 வயசுக்கு மேல இருக்கவங்களுக்கு. படம் உங்க போன விட்டுப் போகாது, அதோட டிஜிட்டல் கைரேகை மட்டும் உங்க போன்லயே உருவாகி சேர்ந்திருக்குற தளங்களுக்குப் போகும், அங்க யாராவது ஏத்தினா கண்டுபிடிச்சுத் தடுக்க அது உதவும். 18 வயசுக்குள்ள எடுத்த படம்னா டேக் இட் டவுன்னு இதே மாதிரி தனி சேவை. பிள்ளைங்களுக்கு இது நடந்தா திட்டுறத தள்ளி வைங்க, மொதல்ல பக்கத்துல உக்காருங்க.

பணம் ஏற்கனவே போயிட்டா

ஏமாந்துட்டோம்னு தெரிஞ்ச அந்த நிமிஷம் அவங்ககிட்ட சண்டை போடணும்போல இருக்கும். போடாதீங்க, உஷாராகி சாட்ட அழிச்சிடுவாங்க. மொதல் வேலை பேங்க், கால் பண்ணி மோசடின்னு சொல்லி ட்ரான்ஸ்ஃபர நிறுத்த, திரும்ப எடுக்க முடியுமான்னு கேளுங்க, இதுல மணிக்கணக்கு முக்கியம். கிஃப்ட் கார்டுன்னா கார்டு கம்பெனிக்கு. கிரிப்டோன்னா போன ட்ரான்ஸாக்ஷன திருப்ப முடியாது, ஆனா எந்த எக்ஸ்சேஞ்ச்லேருந்து அனுப்பினீங்களோ அவங்களுக்கும் போலீஸுக்கும் வாலட் அட்ரஸ், ட்ரான்ஸாக்ஷன் ஐடி ரெண்டையும் குடுங்க.

ப்ளாக் பண்றதுக்கு முன்னாடி ஆதாரம்: சாட் எக்ஸ்போர்ட், போன் நம்பர், ப்ரொஃபைல் லிங்க் (பேர் மட்டும் பத்தாது, அத ஒரு நொடியில மாத்திடலாம்), சைட் முகவரி, ரசீதுகள். அப்புறம் உங்க நாட்டு சைபர் க்ரைம் பிரிவுல புகார், ஆப்லயும் ரிப்போர்ட். எனிடெஸ்க் மாதிரி தூரத்துலேருந்தே உங்க போன இயக்குற ஆப் எதாவது போடச் சொல்லியிருந்தா எடுத்துட்டு, வேற ஒரு சாதனத்துலேருந்து பாஸ்வேர்டு எல்லாம் மாத்துங்க.

அடுத்த அடி எங்கேருந்து வரும்னும் சொல்லிடறேன். சில வாரத்துல ஒரு "வக்கீல்", ஒரு "ஹேக்கர்", ஒரு "அதிகாரி" வந்து போன பணத்த மீட்டுத் தர்றேன், ஃபீஸ் மட்டும் கட்டுங்கன்னு சொல்வாங்க. ஏமாந்தவங்க லிஸ்ட் கைமாறும், அதே கும்பலாவே கூட இருக்கலாம்.

சில பேருக்கு அந்தப் பக்கம் இருக்குறவங்க "நானும் இங்க கைதிதான், காப்பாத்து"ன்னு சொல்லும்போது மனசு உருகும். அது பொய்யாவும் இருக்கலாம், உண்மையாவும் இருக்கலாம். 2023 ஆகஸ்ட்ல ஐநா மனித உரிமை அலுவலகம், மியான்மர்ல குறைஞ்சது 1,20,000 பேரும் கம்போடியாவுல சுமார் 1,00,000 பேரும் இந்த மாதிரி ஆன்லைன் மோசடி வேலைக்கு கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருக்கலாம்னு சொன்னாங்க. அந்த சாட்ட போலீஸுக்கு குடுங்க, அதுதான் நீங்க செய்யக்கூடிய உதவி. பணம் அனுப்பினா அது முதலாளி கைக்குத்தான் போகும்.

வீட்டுல ஒருத்தர் மாட்டியிருந்தா

2025 ஜனவரியில ஃப்ரான்ஸ்ல டிவியில ஒரு பெண்மணியோட கதை வந்துச்சு. ஹாலிவுட் நடிகர் பிராட் பிட்டோட பழகுறோம்னு நம்பி, ஏஐல செஞ்ச ஆஸ்பத்திரிப் படுக்கை போட்டோவெல்லாம் பாத்து, 8,30,000 யூரோ இழந்தவங்க. ஊரே சிரிச்சு, மீம் போட்டு, கடைசியில அந்த சேனலே நிகழ்ச்சிய எடுத்துட்டாங்க. அந்த சிரிப்ப பாத்த எத்தனை பேர் அன்னைக்கு வாய மூடியிருப்பாங்க?

"அவ ஃப்ராடு"ன்னு சொன்னா அவர் உங்கள விட்டு அவங்க பக்கம் போயிடுவார், "பாரு, என் வீட்டுல யாருக்கும் நம்ம சந்தோஷம் பிடிக்கல"ன்னு அந்தப் பக்கம் ஏற்கனவே சொல்லிக் குடுத்திருப்பாங்க. நான் அந்த அண்ணாகிட்ட ஃப்ராடுன்னு ஒரு வார்த்தை சொல்லல. "ஒரு வாரம் மட்டும் டிரேடிங் பேச்சே எடுக்க வேணாம், மத்ததெல்லாம் பேசலாம்னு சொல்லிப் பாருங்கண்ணே, நிஜமா இருந்தா என்ன நஷ்டம்"னு மட்டும் கேட்டேன். மூணு நாள் அவங்க சரின்னாங்க. நாலாவது நாள் "இன்னைக்கு மார்க்கெட் நல்லா இருக்கு, விட்டா போச்சு"ன்னு வந்துச்சு, அவர் வேணாம்னார். அஞ்சாவது நாள் 11 மணிக்கு மெசேஜ் வரல. அவரே போன என்கிட்ட நீட்டி "வரல தம்பி"ன்னார், நான் ஒன்னும் சொல்லல.

ப்ளாக் பண்ண பிறகு வர்ற ரெண்டு மூணு வாரம்தான் கஷ்டம், அதைப் பத்தி யாரும் எழுதுறது இல்ல. புது நம்பர்லேருந்து "உடம்பு சரியில்லாம இருந்தேன், நீ ஒரு தடவ கூட கேக்கலையே"ன்னு வரும். அவருக்கும் 19 நாள் கழிச்சு வந்துச்சு. அந்த நேரத்துல தினம் அந்த மெசேஜ் வந்த மணிக்கு வேற யாராவது கூப்பிட்டுப் பேசுங்க, பெருசா ஒன்னும் பேச வேணாம், கிரிக்கெட் ஸ்கோர் போதும். நான் ரெண்டு மாசம் 11 மணிக்கு கூப்பிட்டேன். இப்ப அவர்தான் கூப்பிடுறார், சில நாள் நான் தூங்கிடறேன்.